மலையேறி வரும் ‘மறுவாழ்வு’

(பழனி மலைப்பகுதி இளைஞர்கள், மாணவர்கள் கூடிய ஒரு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அரசின் பொருளாதாரத் திட்டங்களும் மக்களின் நம்பிக்கையின்மையும்’. நோட்டீஸில் அப்படித்தான் அச்சடிச்சிருக்கீங்க. இந்த ‘நம்பிக்கையின்மை’ என்கிற வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என்னமோ நம்ம சனங்களுக்குப் பிடிச்ச ஒரு வியாதி மாதிரி அது ஒலிக்குது. அதிகாரிகளிடம் பேசினால் இதைத்தான் வேற விதமாகச் சொல்வாங்க: “படிப்பறிவு இல்ல சார், புரிய வச்சா சரியாயிடும்.” பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ரோப்கார் விடப்போறோம் என்கிறார்கள். மாநிலத்தின் பொருளாதாரத்தை 2030க்குள் ஒரு டிரில்லியன் டாலர் ஆக்கப்போறோம் என்கிறார்கள். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நம்ம அம்மா ஒருத்தர் வெத்தலையை மென்னுக்கிட்டே, “அதுல நமக்கு என்னப்பா வேலை? கக்கூஸ் கழுவுறதா?” என்று கேட்டால் அவருக்கு ‘விழிப்புணர்வு’ போதவில்லையாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அந்த அம்மாவின் கேள்வி ஒரு பொருளாதாரக் கேள்வி. திட்டக்குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் அதை எங்கிருந்து கற்றுக்கொண்டார்? இந்த மலையிலிருந்துதான். இந்த மலைக்கு ‘முன்னேற்றம்’, ‘மறுவாழ்வு’, ‘புத்துயிர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஏறி வந்த ஒவ்வொன்றும் என்ன செய்துவிட்டுப் போனது என்பது அவர் வீட்டுக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்னு வந்திருக்கேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. திட்டங்கள் வருவதற்கு முன்னால் மலை ஒரு சொர்க்கமாக இருந்தது, எல்லாரும் இயற்கையோடு இயைந்து சமத்துவமாக வாழ்ந்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். சூழலியல் பேசுகிற நம் நண்பர்கள் சிலரும் சொல்கிறார்கள். சுத்தப் பொய். 1868இல் வந்த நெல்சனின் மதுரை மாவட்டக் கையேட்டைப் பாருங்கள். மேல்மலையில் குன்னுவர்களுக்குப் புலையர்கள் பண்ணை அடிமைகளாக இருந்ததை அந்த வெள்ளைக்கார அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். காட்டை நன்றாக அறிந்தவர்கள் புலையர்கள்தான். காட்டைத் திருத்தி வயலாக்கிய உழைப்பும் அவர்களுடையது. நிலம் மட்டும் அவர்களுடையதில்லை. இன்றைக்கு அவர்கள் பட்டியல் சாதிப் பட்டியலில் இருக்கிறார்கள், பழங்குடி என்று அங்கீகரிக்கச் சொல்லி நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நாம் ‘பழைய மலையைத் திருப்பிக் கொடு’ என்று கேட்கிறவர்கள் இல்லை. பழைய மலையிலும் நமக்கு இடம் இல்லை.

அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இங்கே பங்களா கட்டினார்கள். 1863இல் லெவிஞ்சு துரை ஏரியைக் கட்டினார். வண்டிப் பாதை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் துரைமார்கள், துரைசானிகள், அவர்களுடைய பெட்டி படுக்கை, பியானோ எல்லாம் எப்படி மேலே வந்தது? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மனுசன் தோளில் வந்தது. அந்தப் பாதைக்குப் பெயரே ‘கூலி காட்’. லெவிஞ்சுக்குச் சிலுவை நினைவுச் சின்னம் இருக்கிறது. ரோட்டுக்கு லா துரையின் பெயர் இருக்கிறது. தோள் கொடுத்தவனுக்கு இருப்பது அந்த ‘கூலி’ என்கிற சாதிப்பெயர் போன்ற பெயர் ஒன்றுதான். இதை வேகமாகத் தாண்டிப் போகிறேன், ஏனென்றால் இது உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது.

மேல்மலை முழுக்க முன்னால் புல்வெளி. சோலைக்காடு ஓடைப் பள்ளத்தில் மட்டும் இருக்கும். வனத்துறை இந்தப் புல்வெளியைத் ‘தரிசு’ என்று எழுதி வைத்தது. ‘தரிசு’ என்ற வார்த்தையை அரசு எழுதும்போதெல்லாம் கவனமாக இருங்கள் தோழர்களே, அதற்கடுத்த வரியில் யாருக்கோ குத்தகை இருக்கும். தரிசைப் பயன்படுத்திப் பொருளாதாரத்தை வளர்க்கிறோம் என்று வாட்டில், யூகலிப்டஸ், பைன் நட்டார்கள். வாட்டில் பட்டை தோல் பதனிடுவதற்கு. கட்டை, செயற்கைப் பட்டு நூலுக்கான மரக்கூழுக்கு. சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலை மலைக்காடுகளின் மரத்தைத் தின்று பவானி ஆற்றில் கழிவைத் துப்பியது. அந்த ஆலையும் மூடியாச்சு. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் 2018இல் எழுதினார்கள்.

சரி, அந்த மரத்தை வெட்டியது யார்? இங்கேதான் ‘மறுவாழ்வு’ வருகிறது.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். தேயிலைத் தோட்டத்தை உண்டாக்கிய மலையகத் தமிழர்களை மூட்டை பிரிக்கிற மாதிரி இரண்டு பிரதமர்கள் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பள்ளர், பறையர், சக்கிலியர். நூறு, நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் இந்த மண்ணைவிட்டு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள். மண்டபம் முகாமில் இறங்கியதும் கையில் ஒரு குடும்ப அட்டை. ‘மறுவாழ்வுத் திட்டம்’. வியாபாரக் கடன் என்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைக்கு வியாபாரம் எங்கே தெரியும்? ஊர் தெரியாது, தரகன் தெரியாது. கடன் தரகர் கைக்குப் போனது. மக்கள் குளிரான ஊரைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினார்கள்.

நீலகிரியிலாவது அரசு தேயிலைத் தோட்டக் கழகம் என்று ஒன்று வைத்தார்கள். அது இன்று நஷ்டக் கணக்குக் காட்டி, தோட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது வேற சோகம். கொடைக்கானலில் அதுகூட இல்லை. இங்கே கூப்புக் காண்ட்ராக்டர்தான் ‘மறுவாழ்வு’. முன்பணம் கொடுத்து வாட்டில் காட்டுக்குள்ளே கொண்டுபோய்க் குடிசை போட்டு வைத்தான். மரம் வெட்டு, பட்டை உரி, அடுக்கு. முன்பணம் கழியவே கழியாது. அரிசிக்கு ஒரு கணக்கு, மருந்துக்கு ஒரு கணக்கு. 1976லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. பத்து வருசம் கழித்து 1980களில், தாயகம் திரும்பிய தமிழர்கள் கொடைக்கானல் காட்டில் கொத்தடிமைகளாகக் கிடப்பதை மனித உரிமைக்காரர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். பிரச்சனை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. யோசிச்சுப் பாருங்க. காடு யாருடையது? அரசுடையது. காண்ட்ராக்ட் கொடுத்தது யார்? அரசு. மறுவாழ்வுத் துறை யாருடையது? அதே அரசு. ஒரு கையால் மறுவாழ்வு கொடுத்து மறுகையால் கொத்தடிமையாக்கியது.

அந்தக் குடிசையில் பிறந்த பிள்ளைக்கு இன்று நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். அவரிடம் போய் ‘அரசின் திட்டத்தை ஏன் நம்ப மறுக்கிறீர்கள்’ என்று கேட்க நமக்கு என்ன யோக்கியதை?

இப்போது அதே வாட்டிலை அந்நியக் களை என்று அகற்றி, புல்வெளியை மீட்கப் போகிறார்கள். 2022இல் அதற்கென்று தமிழ்நாடு ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்லதுதான், தண்ணீருக்கு நல்லது. ஆனால் நட்டபோது கூலிக்கு நட்டோம், வெட்டியபோது அடிமையாக வெட்டினோம், இப்போது பிடுங்கும்போது யார் பெயரில் டெண்டர்? மீட்ட புல்வெளியில் பளியருக்கும் புலையருக்கும் உரிமை உண்டா? 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் பட்டா கொடுப்பதற்கு இந்த மாநிலத்தில் 2008 முதல் 2016 வரை நீதிமன்றத் தடை இருந்தது. தடை நீங்கிய பிறகும் காகிதம் நத்தை வேகத்தில்தான் நகர்கிறது.

அடுத்தது தொழிற்சாலை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அங்கே மூடினார்கள். எந்திரங்கள் கப்பலேறி 1983 வாக்கில் கொடைக்கானலுக்கு வந்தன. முதலில் பாண்ட்ஸ் கம்பெனி, 1987லிருந்து இந்துஸ்தான் லீவர். செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலைக்கு மேலே. அந்தச் சோலையில் ஊறுகிற தண்ணீர்தான் கீழே கும்பக்கரை அருவியாக விழுகிறது. பாதரசம் அமெரிக்காவிலிருந்து வரும், கண்ணாடியும் அங்கிருந்தே வரும், செய்த தெர்மாமீட்டர் முழுக்கத் திரும்ப வெளிநாட்டுக்கே போகும். கொடைக்கானலில் ஒரு ஆஸ்பத்திரிகூட அதை வைத்துக் காய்ச்சல் பார்த்ததில்லை. நடுவில் இங்கே மிஞ்சியது இரண்டு. ஒன்று கூலி, இன்னொன்று கழிவு.

அப்போது ஊரில் எவ்வளவு சந்தோஷம் என்று வயதானவர்களைக் கேளுங்கள். சீசன் முடிந்தால் வேலை இல்லாத ஊரில் வருசம் முழுக்க வேலை. மாதச் சம்பளம், யூனிபார்ம், கேன்டீன். நம்ம பிள்ளைகள் காட்டுக்கூலியிலிருந்து ‘கம்பெனி வேலை’க்குப் போனார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் கேலி செய்யமாட்டேன். பண்ணையார் வீட்டு வாசலில் கைகட்டி நிற்காமல் கேட்டில் கார்டு குத்திவிட்டு உள்ளே போவது ஒரு விடுதலை. அம்பேத்கர் 1918லேயே சிறு நிலவுடைமை பற்றி எழுதும்போது, நிலத்தில் தேங்கிக் கிடக்கிற உழைப்பைத் தொழிலுக்கு மாற்றுவதுதான் மருந்து என்றுதான் சொன்னார். தொழிற்சாலை வேண்டாம் என்பது நம்ம அரசியல் ஆகாது.

ஆனால் உள்ளே நடந்தது என்ன? பாதரசம் தரையில் முத்து முத்தாக ஓடும், அதைத் துடைப்பத்தால் கூட்டினோம் என்று தொழிலாளர்கள் பின்னால் சொன்னார்கள். அதன் ஆவிக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. போட்டிருந்த துணியோடு அது வீட்டுக்கும் வந்தது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் பிடிக்கும் என்பது மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம், யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உள்ளே வேலை செய்தவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் புகார்.

2001 மார்ச் 7. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் உலகத்துக்குக் காட்டினார்கள். ஆலை நின்றது. 2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பத்திரிகைகள் ஆச்சரியமாக எழுதின. நான் வேறு ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். அந்தக் கழிவு ஆலையிலிருந்து நேராக எங்கே போனது? பழைய இரும்புக் கடைக்கு. அங்கே கையுறை இல்லாமல் கண்ணாடி வேறு, உலோகம் வேறு என்று பிரிக்கிறவர்கள் யார்? எந்த ஊரிலும் அந்த வேலை எந்தத் தெருவுக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். பன்னாட்டு மூலதனம் இந்தியாவுக்கு வரும்போது இங்கே ஏற்கனவே தயாராக இருக்கிற ஒரு சாக்கடையைக் கண்டுபிடிக்கிறது. அந்தச் சாக்கடைக்குப் பெயர் சாதி. கழிவை யாரிடம் தள்ள வேண்டும் என்று அவன் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. மனு செய்து வைத்திருக்கிறான்.

அப்புறம் பல வருசம் வழக்கு. தொழிலாளர்கள் 2006இல் உயர் நீதிமன்றம் போனார்கள். உடல்நலத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று கம்பெனி தன் பக்கத்து ஆய்வுகளைக் காட்டியது. அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை எழுதினார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு உலகம் முழுக்கப் போன பிறகு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி சமரசம் செய்தது. தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. தப்பு செய்தோம் என்றும் சொல்லவில்லை. நிலத்தைச் சுத்தம் செய்வதற்கும் ஒரு அளவு வைத்தார்கள்: ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாமாம். உங்கள் கம்பெனியின் தலைமையகம் இருக்கிற லண்டனில் இப்படி விடுவீர்களா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். அதுதானே கேள்வி? வாட்டர்டவுன் மண்ணுக்கு ஒரு அளவு, பாம்பார் மண்ணுக்கு ஒரு அளவு என்றால், இது மண்ணுக்குள் ஊருக்கும் சேரிக்கும் இடையே போட்ட கோடு இல்லாமல் வேறென்ன?

இனி 1991. நம்ம மாணவர்கள் இதைப் புத்தகத்தில் ‘பொருளாதாரச் சீர்திருத்தம்’ என்று படிக்கிறீர்கள். ஜூலை மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், தங்கத்தை அடகு வைத்தார்கள், 24ஆம் தேதி புதிய தொழிற்கொள்கையும் பட்ஜெட்டும் ஒரே நாளில் வந்தன. நாடு திவாலாக இருந்தது உண்மை. ஆனால் மருந்துச் சீட்டில் ஒரு வரியை யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. இட ஒதுக்கீடு அரசு வேலையிலும் பொதுத்துறையிலும் மட்டும்தான் உண்டு. அதைச் சுருக்கு என்றால் என்ன அர்த்தம்? மண்டல் பரிந்துரையை அமல்படுத்தப்போவதாக அறிவித்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, அதற்குள் கதவை மூடாமலே வீட்டைச் சின்னதாக்கினார்கள். 1997இல் பொதுத்துறையில் சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2012இல் அது சுமார் 1 கோடியே 76 லட்சம். மக்கள்தொகை கூடியது, வேலை குறைந்தது. சட்டத்தில் 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. எதில் 18 சதவீதம்?

நம்மில் சிலரே வேறு மாதிரி வாதிடுகிறார்கள், அதையும் நேர்மையாகச் சொல்லணும். சந்தைக்குச் சாதி தெரியாது, பணத்துக்குத் தீட்டு இல்லை, ஆகவே தாராளமயம் தலித்துகளுக்கு நல்லது என்று சந்திரபான் பிரசாத் போன்றவர்கள் எழுதினார்கள். 2005இல் தலித் தொழில் வர்த்தக சபை உருவானது. ஊரில் கூழுக்கு உழைத்தவன் நகரத்தில் செருப்பு போட்டு நடக்கிறான் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பாருங்கள். ரிசார்ட் யாருடையது, டாக்சி ஸ்டாண்ட் சங்கம் யார் கையில், ஓட்டல் சமையற்கட்டில் யார், கழிவறையில் யார்? சந்தைக்குச் சாதி நன்றாகவே தெரிந்திருக்கிறது. அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில் முக்கியத் தொழில்களும் நிலமும் அரசுடைமையாக வேண்டும், அதையும் அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று கேட்டது, அடுத்த ஆட்சி வந்து ஒரு பட்ஜெட்டில் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இன்றைய திட்டம் சுற்றுலா. ரோப்கார், வாகன நிறுத்தம், சாகச விளையாட்டு. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். மலை அவ்வளவு தாங்காது என்பதை நீதிமன்றம் ஒத்துக்கொண்டிருக்கிறது. அதே நேரம் அரசு இன்னும் ஆட்களை ஏற்றிவர வழி தேடுகிறது. சோளக்கதிர் விற்கிற நம்ம ஆள் நடுவில் மாட்டிக்கொள்கிறான். வண்டி குறைந்தால் அவனுக்கு அன்றைக்குச் சோறு இல்லை. வண்டி கூடினால் அவன் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் வராது. ஆகவே சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்கிற ஆடம்பரம் நமக்கு இல்லை, தோழர்களே. அதைப் பங்களா வைத்திருக்கிறவர்கள் சொல்லட்டும்.

விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1993இல் இந்த ஊருக்கு மாஸ்டர் பிளான் வந்தது. ஏழு மாடி ஓட்டலுக்காக விதியைத் தளர்த்திய வழக்கில் 2000 பிப்ரவரியில் ஒரு முன்னாள் முதல்வருக்குத் தண்டனை வந்தது, அன்றைக்கே தருமபுரியில் பஸ்ஸை எரித்து மூன்று கல்லூரி மாணவிகளைக் கொன்றார்கள், 2001இல் மேல்முறையீட்டில் விடுதலையும் வந்தது. பெரியவர்களுக்கு விதி வளையும், வளையாவிட்டால் ஊர் எரியும். புறம்போக்கில் நாம் ஒரு தகரக் கொட்டாய் போட்டால் ஜேசிபி மறுநாளே வருது.

சீசன் முடிந்ததும் மலையில் என்ன மிஞ்சுகிறது? குப்பை. நகராட்சியின் குப்பையை வருசக்கணக்காகப் பிரகாசபுரத்தில் கொட்டினார்கள், மழைக்கு அது சரிந்து டைகர் சோலைக்குள் போனது. அதை அள்ளுகிறவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலையையும் மாநிலம் முழுக்கத் தனியாருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தீர்கள். தலைமுறையாக நம் தலையில் கட்டின வேலை. அதில் அரசுச் சம்பளமும் பென்ஷனும் சேர்ந்த பிறகுதான் அது காண்ட்ராக்டுக்குப் போகிறது. இதைத்தான் ‘நிர்வாகச் சீர்திருத்தம்’ என்கிறார்கள்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாத எந்தத் திட்டத்தையும் நாம் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சந்தேகப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் அரசுக்கு அதைவிட வசதி எதுவும் கிடையாது. சந்தேகத்தைக் காகிதத்தில் எழுத வேண்டும். ரோப்கார் என்றால்: நிலையம் கட்ட எந்த சர்வே எண், அதில் யார் குடியிருக்கிறார்கள், எத்தனை நிரந்தர வேலை, எத்தனை ஒப்பந்த வேலை, இட ஒதுக்கீடு உண்டா, கழிவுத் தண்ணீர் எந்த ஓடைக்கு? 2024இல் சட்டமன்றம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. நமக்கென்று ஒதுக்கிய பணத்தை நமக்கே செலவு செய்யணும் என்று சொல்ல ஒரு சட்டம் தேவைப்படுகிற நாடு இது. டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கு நம்ம துணைத்திட்டப் பணம் 700 கோடிக்கு மேல் போனது மறந்துவிடாதீர்கள். அந்தச் சட்டத்தின்கீழ் நம்ம நகராட்சியிலும் ஊராட்சிகளிலும் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று தகவல் உரிமையில் கேட்கலாம்.

அடுத்த கிராம சபை வரைக்கும் அதிக நாள் இல்லை. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, கூக்கால் பக்கத்துத் தோழர்கள் அவரவர் ஊரில் இந்தக் கேள்விகளைத் தீர்மானமாகவே எழுதிக் கொண்டுபோங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கொடைக்கானல் நகராட்சிக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை, அவர்கள் வார்டு கவுன்சிலரைப் பிடிக்க வேண்டும். தகவல் உரிமை மனு எழுதத் தெரிந்த மாணவர்கள் ஒரு அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள். பேப்பர், பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் எல்லாம் பின்பக்க மேசையில் இருக்கு. முதல் மனுவை இன்னைக்கே, அந்தத் தூய்மைப் பணி ஒப்பந்த நகலைக் கேட்டு எழுதிடலாம்.